கிணற்றுக்கு ஒரு கொப்பி

வணக்கம் நேயர்களே.

நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள கிணறுகளையும் ஊற்றுகளையும் எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பது பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்றதும், என் தமக்கையார் கேட்டார்: "யாழ்ப்பாணத்தில் எங்கேயடா சுரங்கம்?" நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தில் மட்டுமன்று, இலங்கை முழுவதிலும் நிலக்கரி வெட்டும் சுரங்கம் கிடையாது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எரிக்கும் நிலக்கரி கப்பலில்தான் வந்து இறங்குகிறது. ஆனால், கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி வாழும் எங்களைப் போன்றவர்கள் சுரங்கக்காரரிடம் கற்றுக்கொள்ள ஒரு விடயம் இருக்கிறது.

அவர்களுடைய கதையே பல இடங்களில் தண்ணீரில்தான் தொடங்குகிறது. நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளைக்கிணறு இறக்கியபோது, தண்ணீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. தண்ணீர் தேடியவருக்குக் கிடைத்தது பழுப்பு நிலக்கரி. அந்தக் கரிப்படுகைக்கு அடியிலே பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால், அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஆகவே இரவு பகல் பாராமல் இறைக்கிறார்கள். ஓரிடத்தில் அப்படி இறைத்தால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரின் மட்டம் புனல் வடிவில் தாழும். அந்தப் புனலின் விளிம்பு எதுவரை போகிறது, யாருடைய கிணறு அதற்குள் அகப்படுகிறது என்பதை அறியத்தான் கண்காணிப்பு.

மலைப்பாங்கான இடத்தில் சங்கதி வேறு. அங்கே சுரங்கம் கிணற்றைத் தொடுவதற்கு முன்பு ஊற்றைத் தொட்டுவிடும். கரியை உருவி எடுத்த வெற்றிடத்தின் மேலே பாறை இறங்கும், வெடிக்கும். அதுவரை பாறைப் படுகையின் விளிம்பால் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் வெடிப்பு வழியே கீழே போய்விடும். ஊர்க்காரர் ஊற்று வற்றிவிட்டது என்பார்கள். நிறுவனத்தார் இந்த வருடம் மழை குறைவு என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எப்படித் தீர்ப்பது?

இதற்கு மூன்று பதிவுகள் வேண்டும். ஒன்று, அந்த இடத்தின் மழை அளவு. மற்றது, சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில், அதே வகைப் பாறையிலிருந்து வரும் வேறோர் ஊற்று. மழைதான் காரணமென்றால் இரண்டு ஊற்றும் சேர்ந்தே மெலியும். ஒன்று மட்டும் மெலிந்தால் மழையின் மேல் பழிபோட முடியாது. மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: சுரங்கம் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே, மாரியும் கோடையும் அடங்க ஒரு முழு வருடமாவது எடுத்த அளவு. முதல் இரண்டையும் பிறகு எப்படியாவது தேடிப் பொறுக்கலாம். மூன்றாவதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதி கேட்கும்போதே இந்த முன்நிலைப் பதிவைச் சுரங்கக்காரரிடம் கேட்கிறது.

அளக்கும் வேலை ஒன்றும் மந்திரமன்று. சிறிய ஊற்றுக்கு ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். 20 லீற்றர் வாளி நிரம்ப 40 விநாடி பிடித்தால், விநாடிக்கு அரை லீற்றர். பெரிய ஊற்றுக்கு, முக்கோண வெட்டுள்ள பலகையைக் குறுக்கே நிறுத்தி, வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். இந்தப் பலகை பொல்லாதது: உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலே போய்விடும். அளவுகோலை அரை விரற்கடை பிழையாகப் பார்த்தாலும் கணக்குக் கவிழும்.

அளவோடு குணத்தையும் பார்க்க வேண்டும். நிலக்கரியோடு பல இடங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் இருக்கும். காற்றும் நீரும் பட்டால் அது அமிலமாக மாறும். மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் எலிவளை போன்ற சுரங்கங்களிலிருந்து வடிந்த நீர், ஓடைகளில் மீன் வாழ முடியாதபடி செய்துவிட்டது. 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. ஓடைக் கற்களில் செம்மஞ்சள் துரு படிந்த பிறகு யாரும் பரிசோதனை செய்யத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே, நீரில் கரைந்த சல்பேற்று என்ற கந்தக உப்பும், கரைந்த உப்புகளைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துதிறனும் ஏறத் தொடங்கிவிடும். பதிவு உள்ளவருக்கு அது தெரியும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். எங்கள் காலுக்குக் கீழே கரியில்லை, சுண்ணாம்புக்கல். அதன் இடுக்குகளில் மழைநீர் ஒரு வில்லையைப்போல உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். மேலே மட்டம் நிலையாகப் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்ந்தால், கீழே உப்பு நான்கு மீற்றர் ஏறப் பார்க்கும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் ஒரே கிணற்றில் இருப்பதை நாங்கள் அதிசயம் என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அது அதிசயமன்று, நாங்கள் குடிக்கும் தண்ணீரின் குறுக்குவெட்டுமுகம்.

காங்கேசன்துறையில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகள் இன்னும் திறந்து கிடக்கின்றன. சுரங்கத்தைச் சுற்றிக் கேட்கும் கேள்விகள் யாவும் அந்தக் குழிகளுக்கும் பொருந்தும். சுன்னாகத்தில் கிணற்று வாளியில் எண்ணெய் மிதந்தபோது, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, வந்ததா இல்லையா என்றே வருடக்கணக்கில் சர்ச்சைப்பட்டோம். 2019இல் உயர் நீதிமன்றம், அங்கே அனல்மின் நிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. சுற்றியுள்ள நூறு கிணறுகளுக்கு முன்கூட்டியே பதிவு இருந்திருந்தால், அந்தச் சர்ச்சையில் பாதி முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நாங்கள் ஞாபகத்தை வைத்து வாதாடுகிற சனங்கள். "அம்மம்மா காலத்தில் இந்தக் கிணறு சவரே இல்லை" என்போம். எந்த மாதம், எத்தனை மீற்றர் என்று கேட்டால் ஆளையாள் பார்ப்போம். தோட்டத்துக்கு எத்தனை மணித்தியாலம் இறைத்தோம் என்பதைக்கூட மின்சாரப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்லுகிறோம்.

தமக்கையார் வீட்டில் நான் ஆரம்பித்திருப்பது இதுதான். கிணற்றுக் கட்டில் ஒரு புள்ளியைத் தாரால் குறித்திருக்கிறோம். அந்தப் புள்ளியிலிருந்தே எப்போதும் அளக்க வேண்டும். அடியில் ஈயக்குண்டு கட்டிய அளவுநாடாவை மெல்ல இறக்கினால், குண்டு தண்ணீரைத் தொடும்போது 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்துக் காணியில் மோட்டார் ஓடினால் கேட்காது. அதனால் விடியற்காலை, இறைப்புத் தொடங்குமுன். மருமகள் கொப்பியில் கோடு போட்டுத் திகதி, நேரம், ஆழம், முதல்நாள் மழை என்று நான்கு நிரல் எழுதியிருக்கிறாள். மழைக்கு ஒரு வெட்டிய போத்தலும் அடிமட்டமும். ஐந்தாவதாகச் 'சுவை' என்று ஒரு நிரலைத் தமக்கையார் தாமே சேர்த்துவிட்டார். ஆய்வுகூடம் அதை ஏற்காது, நான் அழிக்கவில்லை.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எழுதியது: 5.42 மீற்றர். மழை இல்லை. சுவை: "பரவாயில்லை, தேநீருக்குச் சரி."