இறகு பொசுங்கும் நாற்றமும் ‘சுகந்த வாசனை’யும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்று இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே அடுப்படியில் நாட்டுக்கோழி வாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பொசுங்கல் நாற்றத்தில் உட்கார முடியாமல்தான் மேலே ஓடிவந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது, நான் இன்றைக்குப் பேச வைத்திருந்த விஷயமே அந்த நாற்றம்தான்.

தகனபலி, அதாவது ஒரு மிருகத்தைக் கடவுளுக்கென்று முழுசாக எரித்துவிடுகிற பலி. பைபிள் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் ‘சர்வாங்க தகனபலி’ என்று கேட்டிருப்பீர்கள், கத்தோலிக்கர்கள் ‘எரிபலி’ என்பார்கள். இது விவரமாக வருகிற இடம் பைபிளின் மூன்றாவது புத்தகமான லேவியராகமம். இந்த வருடம் பைபிளை முழுசாக வாசித்து முடித்துவிடுவேன் என்று ஜனவரி ஒன்றாம் தேதி கிளம்புகிறவர்கள் பிப்ரவரியில் சத்தமில்லாமல் நின்றுபோகிற இடமும் அதுதான். நானே நாலு தடவை நின்றிருக்கிறேன். ரத்தம், கொழுப்பு, குடல், சாம்பல் என்று பக்கம் பக்கமாகப் போகும், எதற்கு இதெல்லாம் என்று சண்டே ஸ்கூலில் கேட்டதற்கு “நம்ம பாவத்துக்குப் பதிலா ஆடு செத்துச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது முழுப் பொய் இல்லை, ஆனால் அந்த ஒரு வரிக்குள் இது அடங்கவும் அடங்காது.

முதலில் பெயரைப் பாருங்கள். எபிரேயத்தில் இதற்கு ‘ஓலா’ என்று பெயர். ஏறிப்போவது, மேலே போவது, அவ்வளவுதான் அர்த்தம். கொல்வதோ எரிப்பதோ அந்தச் சொல்லிலேயே கிடையாது, புகையாகி மேலே ஏறுவதுதான் இருக்கிறது. யூதர்களின் வேதம் கிரேக்கத்துக்குப் போனபோதுதான் ‘முழுவதும் எரிந்தது’ என்ற பொருளில் சொல்லைப் போட்டார்கள். நம்முடைய ‘சர்வாங்க தகனம்’ அந்தக் கிரேக்கச் சொல்லோடு சேர்ந்து நிற்கிறது. அதே கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்துதான் ‘ஹோலோகாஸ்ட்’ ஆனது. நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதற்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் யூதர்களில் நிறையப் பேர் அதைச் சொல்வதில்லை, பேரழிவு என்ற பொருளில் ‘ஷோவா’ என்பார்கள். கொலையைப் பலி என்று எப்படிச் சொல்வது, யார் யாருக்குக் கொடுத்த பலி அது என்று அவர்கள் கேட்பது நியாயம்தானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லேவியராகமத்தில் பலி பலவிதம். சமாதான பலி என்றால் கொழுப்பு பீடத்துக்கு, ஒரு பங்கு ஆசாரியருக்கு (பலி நடத்துகிற பூசாரிக்கு), மிச்சம் கொண்டுவந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும், கிட்டத்தட்ட நம் ஊர்க் கிடா வெட்டு மாதிரி சாப்பாட்டில் முடியும். மாவைக் கொண்டுவந்தால் ஒரு பிடிதான் நெருப்புக்கு, மீதி ஆசாரியர்களுக்கு. ஆனால் தகனபலியில் யாருக்கும் ஒரு துண்டு கிடையாது. தோலை மட்டும் ஆசாரியர் எடுத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் தலை, கொழுப்பு, கால் உட்பட நெருப்புக்கு. காளை என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் உழவு, வண்டி, சொத்து எல்லாம். அதை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சாம்பலாக்கிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்க வேண்டும்.

இன்னொன்று, கொண்டுவந்தவர் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. மிருகத்தின் தலைமேல் அவரே கை வைக்க வேண்டும், லேவியராகமம் முதல் அதிகாரத்தின்படி அறுப்பதும் அவர்தான். ரத்தம் தெளிப்பதிலிருந்துதான் ஆசாரியரின் வேலை. கை வைக்கிற அந்த வசனத்தில் ‘பாவநிவிர்த்தி’ என்ற சொல் வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாவத்துக்கென்றே தனியாக ஒரு பலி இருந்தது, பெருவெள்ளம் வடிந்து நோவா பேழையைவிட்டு இறங்கிப் போட்ட தகனபலி எந்தப் பாவத்துக்கு? தப்பிப் பிழைத்த ஒருவனின் பலி அது. ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று என்று ஒரு வயது ஆட்டுக்குட்டி எரிந்ததே, வருடத்துக்கு 700-க்கும் மேல், அதுவும் யாரோ ஒரு ஆளின் குற்றத்துக்காக இல்லை. மொத்த ஜனங்களின் பெயரில் விடியவும் அடையவும் போகிற புகை அது.

அந்த நெருப்பு அணையவே கூடாது என்பது சட்டம். அப்படியானால் சாம்பலை யார் அள்ளுவது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சுமார் கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் எருசலேம் ஆலயத்தில் இது எப்படி நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆசாரியர் போவார். கூட யாரும் போகக் கூடாது, கையில் விளக்கும் கிடையாது, பீடத்துத் தீயின் வெளிச்சத்திலேயே நடந்து போக வேண்டும். மற்றவர்களுக்கு அவர் தெரியவே மாட்டார், கை கால் கழுவுகிற தொட்டியின் மர உருளை கிறீச்சிடுகிற சத்தம் கேட்டால்தான் ஆள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரியும். பிறகு வெள்ளிக் கரண்டியால் உள்ளே வெந்துபோன கங்கை வாரிக்கொண்டு இறங்குவார். வெறும் சாம்பல் அள்ளும் வேலை, ஆனால் அதற்கு அடிதடி! ஆரம்பத்தில் யாருக்கு ஆசையோ அவர்கள் பீடத்துக்கு ஏறும் சாய்தளத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுவார்களாம், மேலே கடைசி நாலு முழத்துக்குள் முந்தியவருக்கு வேலை. ஒருநாள் இரண்டு பேர் சமமாக ஓடி, ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, கீழே விழுந்தவருக்குக் கால் முறிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் விரலை நீட்டச் சொல்லி எண்ணிச் சீட்டுப் போடுவது மாதிரி ஆள் எடுத்திருக்கிறார்கள். அள்ளுகிற வேலைக்குத் தள்ளுமுள்ளு நடந்த ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும், நம் வீட்டில் குப்பை எடுத்துப் போகச் சொன்னால் ஒருத்தரும் எழுந்திருப்பதில்லை.

இப்போது கோழிக்கு வருகிறேன், அதாவது புறாவுக்கு. காளைக்கு வசதியில்லாதவர் ஆடு, ஆட்டுக்கும் வழியில்லாதவர் காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு கொண்டுவரலாம். காளையையும் ஆட்டையும் தோலுரித்து, துண்டுபோட்டு, குடலையும் காலையும் கழுவி எரிப்பார்கள். புறாவைத் தோலுரித்தால் என்ன மிஞ்சும்? அதனால் இரைப்பையை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு, இறக்கையோடு பிளந்து, இரண்டாகப் பிய்க்காமல் அப்படியே நெருப்பில் வைத்துவிடுவார்கள். இறகோடு! எங்கள் ஆச்சி கோழியைச் சுடுதண்ணீரில் முக்கி, இறகெல்லாம் பிடுங்கி, மஞ்சள் பூசி, மிச்சமிருக்கிற பூமயிரைத் தீயில் வாட்டுவார்கள். அந்த நாலு மயிருக்கே தெரு முழுக்க மூக்கைப் பொத்தும். அப்படியானால் முழு இறகும் பொசுங்கினால் எப்படி இருந்திருக்கும்? ஆனால் வசனம் என்ன சொல்கிறது தெரியுமா, காளைக்குச் சொன்ன அதே வார்த்தையைப் புறாவுக்கும் சொல்கிறது, ‘கர்த்தருக்குச் சுகந்த வாசனை’.

இது எனக்கு மட்டும் தோன்றிய சந்தேகம் இல்லை. லேவியராகமத்துக்கான பழைய ரபிகளின், அதாவது யூத மத போதகர்களின், விளக்கத்தில் இதே கேள்வி இருக்கிறது. இறகு கருகும் வாடைக்கு எந்த மனுஷனுக்கும் குமட்டும், பிறகு எதற்கு இறகோடு வைக்கச் சொல்கிறது என்று கேட்டுவிட்டு, ஏழையின் பலியால் பீடம் நிறைவாகவும் அழகாகவும் தெரிய வேண்டும் என்பதற்காக என்று பதிலும் சொல்கிறார்கள். இறகைப் பிடுங்கினால் ஒரு பிடிகூட இருக்காதில்லையா. மிஷ்னாவும் இந்த ‘சுகந்த வாசனை’யைப் பிடித்துக்கொண்டு, காளைக்கும் பறவைக்கும் மாவுக்கும் ஒரே சொல் வருவது ஏன் என்று கேட்டு, கூடக் கொடுத்தாலும் குறையக் கொடுத்தாலும் ஒன்றுதான், மனசு மேலே திரும்பியிருந்தால் போதும் என்கிறது.

கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள், நெருப்பு அணைந்தது. யூதர்கள் என்ன செய்தார்கள்? பலி நின்றது, அதன் நேரம் நிற்கவில்லை. காலை ஜெபம் காலை ஆட்டுக்குட்டியின் இடத்தில், பிற்பகல் ஜெபம் அந்தி ஆட்டுக்குட்டியின் இடத்தில். இரவு ஜெபத்துக்கு என்ன என்று கேட்டால், பகலில் வைத்த துண்டுகள் இரவெல்லாம் எரிந்துகொண்டிருக்குமே, அதற்கு. மிஷ்னாவை விரித்துப் பேசுகிற தல்மூத் என்ற நூல் இப்படி இணைத்துக் காட்டுகிறது, எனக்கு அந்த மூன்றாவது அழகாகப் படுகிறது. இடிந்த ஆலயத்தைப் பார்த்து, பாவம் நிவிர்த்தியாகிற இடம் போய்விட்டதே என்று அழுத சீடரிடம், யோகனான் பென் சக்காய் என்ற ரபி, அதற்கு ஈடாக நமக்கு இரக்கச் செயல் இருக்கிறது என்று ஓசியா தீர்க்கதரிசியின் வசனத்தை எடுத்துச் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. பலிக்குக் காரணம் என்ன என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், ஜனங்களுக்குப் பழகிப்போன வழிபாட்டை ஒரேயடியாகப் பிடுங்க முடியாது என்பதால் கடவுள் விட்டுவைத்த ஏற்பாடு என்றார். அடுத்த நூற்றாண்டில் நக்மனிடிஸ் என்ற இன்னொரு அறிஞர் சும்மா விடவில்லை, நோவாவும் ஆதாமின் மகன் ஆபேலும் யாரைப் பார்த்துப் பழகினார்கள் என்று கேட்டார். நான் நக்மனிடிஸ் கட்சி.

கிறிஸ்தவர்கள் வேறு வழியில் போனார்கள். புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரெயர் நிருபம் 40-ஆம் சங்கீதத்தை எடுத்து, தகனபலிகள் உமக்குப் பிரியமில்லை என்று கிறிஸ்துவையே சொல்லவைத்து, ஒரே தரம் ஒரே உடல், அதோடு போதும் என்று முடிக்கிறது. எபேசியரில் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும்போது அதே ‘சுகந்த வாசனை’ வருகிறது. ரோமர் 12-இல் பவுல் உங்கள் சரீரத்தையே ‘ஜீவபலி’யாகக் கொடுங்கள் என்கிறார், அதாவது எரிந்து முடிந்துபோகாமல் நாளைக்கும் வேலைக்குப் போகிற பலி. பிரசங்கங்களில் இதையெல்லாம் கேட்டிருப்பீர்கள், நான் நீட்டவில்லை, பேட்டரி வேறு சிவப்பு காட்டுகிறது.

நான் கேட்ட எந்தப் பிரசங்கத்திலும் வராத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். லூக்கா இரண்டாம் அதிகாரம், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் வாசிப்போம். மரியாளும் யோசேப்பும் பிள்ளை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எருசலேமுக்கு வருகிறார்கள், கையில் ஒரு ஜோடிப் பறவை. பிள்ளை பெற்றவள் ஆட்டுக்குட்டியைத் தகனபலியாகக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் இரண்டு பறவை, ஒன்று பாவநிவாரணத்துக்கு, இன்னொன்று தகனபலிக்கு என்று லேவியராகமம் 12 சொல்கிறது. பின்னாளில் ‘தேவ ஆட்டுக்குட்டி’ என்று பெயர் வாங்கப்போகிற பிள்ளை, அவனைப் பெற்றவர்களால் ஒரு ஆட்டுக்குட்டி வாங்க முடியவில்லை. அந்த இரண்டாவது பறவையை ஆசாரியர் இறகோடுதான் நெருப்பில் வைத்திருப்பார்.