மழை இரவில் ஒரு நடை

வணக்கம் குழந்தைகளே.

சுவரில் ஓடும் பல்லியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பல்லியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு பேனாவைவிட நீளமாக இருக்கட்டும். உடம்பில் இருக்கும் செதிலை எடுத்துவிடுங்கள், நகத்தையும் எடுத்துவிடுங்கள். இப்போது தோல் வழவழவென்று, தவளைக்கு இருப்பதுபோல் ஈரமாக இருக்கிறது. நிறம் நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் தலையிலிருந்து வால்வரை இரண்டு வரிசையாக மஞ்சள் பொட்டுகள் வையுங்கள். முன்காலில் விரல்களை எண்ணுங்கள். பல்லிக்கு ஐந்து, இதற்கு நான்கு. இதுதான் புள்ளிச் சாலமாண்டர். பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குத்தான் இது சொந்தம்.

அமெரிக்கா, கனடா நாடுகளின் கிழக்குப் பக்கத்துக் காடுகளில் இது வாழ்கிறது. அங்கே இருப்பவர்களே பலர் இதைப் பார்த்ததில்லை. ஏன் தெரியுமா? வருடத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்தான் இருக்கும். எலியும் மூஞ்சூறும் தோண்டிய வளைக்குள் குடியிருந்துகொண்டு, மண்புழு, நத்தை, பூச்சி என்று கிடைத்ததைச் சாப்பிடும்.

பிறகு ஒரு நாள் வெளியே வரும். குளிர்காலம் முடிகிற நேரம், மரத்தடியில் இன்னும் பனி கிடக்கும். அப்போது முதன்முதலாகக் கொஞ்சம் வெதுவெதுப்பான மழை ராத்திரியில் பெய்ய வேண்டும். மழை, ராத்திரி, இரண்டும் வேண்டும். அந்த ஒரு மழைக்காகக் காத்திருந்ததுபோல் நூற்றுக்கணக்கில் நடந்து வரும்.

அப்படி ஒரு ராத்திரி நான் அந்தக் காட்டில் நின்றிருக்கிறேன். கையில் டார்ச், கால் முழுக்கச் சேறு. முதலில் ஈரமான சருகுதான் தெரிந்தது. அதில் ஒரு சருகு அசைந்தது. அடியிலிருந்து மழுங்கிய மூக்கு ஒன்று, அப்புறம் இரண்டு கறுப்புக் கண், அப்புறம் மஞ்சள் பொட்டு. குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். தொண்டை மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, என் செருப்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அது எங்கே போகிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

எங்கே போகிறது? ஒரு குட்டைக்கு. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அது ஏரி இல்லை, ஆறும் இல்லை. பனி உருகித் தேங்கி, கோடையில் வற்றிப்போகிற சின்னக் குட்டை. வற்றிப்போகும் தண்ணீர் எதற்கு என்று கேட்கிறீர்களா? வற்றுவதால்தான் அதில் மீன் இல்லை. மீன் இல்லாததால்தான் குஞ்சு பிழைக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், வற்றுவதுதான் அந்தக் குட்டையின் பெருமை. யாராவது 'வீணாகக் கிடக்கிற குட்டைதானே' என்று மண்ணைப் போட்டு மூடினால் எனக்கு மனசு ஆறாது.

தண்ணீருக்குள் கிடக்கும் குச்சியில் முட்டைகளை ஒட்டவைக்கும். நூறு முட்டைகூட ஒரே ஜெல்லிக் கட்டிக்குள் இருக்கும். சில நாளில் அந்தக் கட்டி பச்சையாகிவிடும். முட்டைக்குள்ளேயே பாசி வளர்கிறது! குஞ்சின் கழிவு பாசிக்கு உணவு. பாசி வெளிவிடும் ஆக்சிஜன் குஞ்சுக்கு மூச்சு. 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. குஞ்சின் உடல் செல்லுக்கு உள்ளேயே பாசி குடியிருக்கிறதாம். முதுகெலும்புள்ள விலங்குகளில் அதற்குமுன் யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குக் கழுத்தோரம் இறகுபோலச் செவுள் இருக்கும். குட்டை வற்றுவதற்குள் அந்தச் செவுள் மறைந்து, கரையேறித் தரையில் வாழத் தயாராக வேண்டும். குஞ்சுக்கும் வெயிலுக்கும் ஓட்டப்பந்தயம்தான்.

ஒரு கதை சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்று ஓர் ஊர். காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே ஒரு தெரு போகிறது. மழை ராத்திரியில் கார் வந்தால் என்ன ஆகும்? சாலமாண்டரால் வேகமாக ஓட முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் வாளியோடு வந்து நின்று, ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவைக் கடத்திவிட்டார்கள். பிறகு 1987-இல் தெருவுக்கு அடியில் சின்னச் சுரங்கப்பாதைகளே கட்டிவிட்டார்கள். வழி தவறாமல் அதற்குள் நுழைய, இரண்டு பக்கமும் உயரம் குறைந்த வேலி. சுரங்கத்தின் மேலே இடைவெளி விட்டிருக்கிறார்கள், மழைத்தண்ணீர் உள்ளே சொட்ட வேண்டும் என்று. காய்ந்த பாதையில் ஈரத்தோல்காரர் நடப்பாரா? அதையும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். வாலில் சுரக்கும் பால்போன்ற விஷத்தைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். கடிக்க வருகிறவர் வாயில் அது கசக்கும், அவ்வளவு போதும். இருபது வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். இன்னும் ஒன்றே ஒன்று. இதன் கால் ஒன்று துண்டாகிப்போனால், அந்த இடத்தில் சின்ன மொட்டுபோல ஒன்று முளைக்கும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளரும். எலும்பு வரும், தசை வரும், கடைசியில் விரலும் வரும். முன்கால் என்றால் மறுபடியும் நான்கு.

வணக்கம்.