பாசியும் கல்லும், நடுவே ஒரு கம்ப்ரெஸரும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய திருப்பணிக் குழுப் பெரியவர்களே, வெயிலில் நடந்து வந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, அவர்களை அழைத்து வந்த ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். மைக் செட்டுக்காரத் தம்பிக்கும் ஒரு வணக்கம். அவரை யாரும் சொல்வதில்லை.

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பார்கள். எறும்பு தேய்த்து நான் பார்த்ததில்லை. எறும்பைவிடச் சின்ன உயிர்கள் தேய்ப்பதைத் தாவரவியல் வாத்தியாராக நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். பாசி கல்லைக் கரைக்கும் விதம், நம் கோயில் கல்லின் கதி, தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பாக்டீரியா.

செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி தெரியும்தானே? அது தனிப் பாசி இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் லைக்கன். அதன் உறவுக்காரர்கள் பலருக்குப் பாறைதான் வீடு. பூஞ்சையின் இழைகள் கல்லின் நுண்ணிய வெடிப்புக்குள் நுழையும். லைக்கன் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த இழுபறியில் கல்லின் துகள் பெயரும். கூடவே ஆக்ஸாலிக் அமிலமும் சுரக்கும். கருங்கல்லில் மினுங்கும் கருப்பு மைக்காவிலிருந்து இரும்பையும் பொட்டாசியத்தையும் அது உருவிவிடும். கருங்கல்லில் உள்ள இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாகும். சுண்ணாம்புக் கல்லுக்கு அவ்வளவுகூட வேண்டாம். இரவில் பாசி விடும் கார்பன் டை ஆக்ஸைடு ஈரத்தோடு சேர்ந்தாலே கரையும். பகலில் கதை மாறும். ஒளிச்சேர்க்கைக்காக அந்த வாயுவைப் பாசி இழுத்துக்கொள்ள, ஈரத்தில் காரத்தன்மை ஏறி, மணலின் மூலப்பொருளான சிலிக்காவே கரையத் தொடங்கும். தென்னாப்பிரிக்க மணற்கல்லில் நீலப்பச்சைப் பாசி இப்படிச் செய்வதைக் கண்டிருக்கிறார்கள். இந்தக் கரைப்பு வேலைக்கு நம் வயல் மண்ணும் கடன்பட்டிருக்கிறது, அதனால் பாசியைத் திட்டாதீர்கள்.

சரி, இரண்டாவது. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இங்கே இருந்தாலும் இருப்பார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. மண்டபம் பச்சையும் கருப்புமாக இருக்கிறதே என்று கமிட்டியில் ஒருவருக்குக் கவலை. காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் தேய்க்கும் கம்ப்ரெஸரோடு லாரி வந்து நின்றது. "கல்லு புதுசா ஆயிடும் சார்" என்றார் கான்ட்ராக்டர். "அதிட்டானத்தில், அதான் கோயிலின் அடிப்பீடத்தில், எழுத்து இருக்கிறதே ஐயா" என்றேன். "அது அழுக்கு சார்!" பூசாரித் தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு குறுக்கே வந்தார். "எங்கப்பன் காலத்துலயே பாசி இருந்துச்சு, எழுத்தும் இருந்துச்சு. நீ போனப்புறம் எது இருக்கும்?" "பாசி இருக்காது தாத்தா, கேரண்டி!" மணல் பீய்ச்சியதில் தாத்தா தலைமுதல் கால்வரை விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டார். சாயங்காலம் கல் பளிச்சென்று இருந்தது. நிலதானக் கல்வெட்டில் பல வரிகளைக் காணோம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பாசி திரும்பி வந்துவிட்டது. தாத்தா என்னைக் கான்ட்ராக்டருக்குப் போன் போடச் சொன்னார். "பாசி வந்துடுச்சுப்பா, எழுத்தையும் வரச்சொல்லு!"

வராமல் என்ன செய்யும்? மணல் பட்ட கல் சொரசொரப்பாகிவிடும். அந்தக் குழிகளில் ஈரமும் பாசியும் சுகமாகத் தங்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஆனால் எறும்பு தலைமுறை தலைமுறையாக ஊர்கிறது. கம்ப்ரெஸருக்கு அரை நாள் போதும். அறநிலையத் துறையே மணல் வீச்சைத் தடை செய்த பிறகும் எந்திரச் சத்தம் ஓயவில்லை. பாசி வளர்வது தண்ணீர் கசியும் இடத்தில். முதலில் மேல்தளத்துக் கசிவை அடைத்துவிடுங்கள், மழைநீர்த் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். எந்தத் திருப்பணிக்கும் முன்னால் கல்வெட்டை மைப்படி, அதாவது காகிதத்தில் மை ஒற்றிய நகல், எடுத்தே ஆக வேண்டும். எங்கள் கோரிக்கை அதுதான்.

சுரங்க பாக்டீரியாவுக்கு நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, யாரும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள்.