விங் சுன்: படத்தில் விழாத பாதி

அவையோருக்கு வணக்கம்.

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் பெயரைக் கேட்டதும், கைகால் செருகிய பயிற்சி மரமான மரமனிதன் முன் படபடவென்று கைகள் ஓடும் காட்சிதான் பலர் கண்முன் வரும். நானும் அந்த மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தென்சீனாவின் ஃபோஷான் நகரில் அதைத் தரையில் குழிதோண்டி நடுவார்கள். விங் சுன் ஆசான் இப் மான் 1950களில் ஹாங்காங்கில் சொல்லிக்கொடுத்தபோது, அடுக்குமாடிக் கட்டடத்தில் குழிக்கு எங்கே போவது? இரண்டு குறுக்குச் சட்டங்களில் மரத்தை மாட்டினார்கள். இடநெருக்கடியில் வந்த மாற்றம் பயிற்சிக்கு நன்மையாகவே முடிந்தது. அடித்தால் சட்டம் வளைந்து, மரம் சற்றுப் பின்வாங்கித் திரும்பி வருகிறது.

மரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 22 செ.மீ. கை மூன்று, கால் ஒன்று. கைகளின் பின்முனையைச் சதுரமாகச் செதுக்கி, மரத்தை ஊடுருவ விட்டு, பின்புறம் முளை செருகுவார்கள். கை ஆடுகிறதே என்று ஆப்பு வைத்து இறுக்கிவிடுகிறார்கள் சிலர். ஐயா, அது ஆடத்தான் வேண்டும்! இறுகிய கையில் மோதினால் முன்கை எலும்புதான் நோகும். அந்த வலியை மரக்கச் செய்வதே பயிற்சி என்று ஆகிவிட்டால், தொட்டு உணரும் திறன் போய்விடும்.

இப் மான் மறைந்த 1972இல், நோயுற்ற நிலையிலும் சியூ நிம் தாவ், சம் கியூ என்ற வெறுங்கைப் பயிற்சி வரிசைகளையும் மரமனிதன் பயிற்சியையும் செய்துகாட்டிப் படம் பிடிக்க வைத்தார். நமக்குக் கிடைத்த பெரும் செல்வம் அது. ஆனால் படத்தில் கை இருக்கும் இடம் தெரியும், கையில் இருக்கும் எடை தெரியாது.

சியூ நிம் தாவின் முதல் பகுதியையே பாருங்கள். ஃபுக் சாவ், அதாவது மணிக்கட்டு மடங்கி எதிராளியின் கைமேல் படியும் கைநிலை, மூன்று முறை, மிக மெதுவாக முன்னே போகிறது. மணிக்கட்டை முழங்கை தள்ளிச் செல்ல வேண்டும். முழங்கை உடலின் நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது. தோள் ஏறக் கூடாது. வேகமாகச் செய்பவருக்கு முழங்கை வெளியே ஒதுங்கிவிடும், அவருக்கே தெரியாது. எதிரில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடித்துத் தோளை நோக்கி அழுத்தட்டும். முழங்கை சரியாக இருந்தால் அழுத்தம் இடுப்பு வழியே பாதத்துக்கு இறங்கும். ஒதுங்கியிருந்தால் கை அங்கேயே மடங்கும்.

சீ சாவில், அதாவது இருவர் கையோடு கை ஒட்டிச் சுழற்றும் பயிற்சியில், படத்தில் எடை தெரியாத இந்த இழப்பு இன்னும் பெரிது. "வருவதைத் தங்கவை, போவதை வழியனுப்பு, கை விலகினால் நேரே பாய்" என்பது இந்தக் கலையின் பழைய வாய்மொழி. கை விலகும் அந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்துப் பாய்ந்தால் தாமதமாகிவிடும். தோலுக்குத்தான் அது முதலில் எட்டும்.

அதனால் இந்தக் கலையைப் பதிவு செய்ய வருபவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஆசானைத் தனியே நிறுத்திப் படம் எடுப்பதோடு விடாதீர்கள். மாணவர் தவறு செய்யட்டும். ஆசான் எங்கே கைவைத்துத் திருத்துகிறார், எந்தப் பக்கம் அழுத்துகிறார், கான்டனீஸ் மொழியில் என்ன சொல்கிறார் என்பதை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். பிறகு அந்த மாணவரிடமே கேளுங்கள், கையில் என்ன மாறியது என்று. அவர் சொல்வதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.