வீட்டில் புலி, வெளியில் எலி? கிரேஹவுண்ட் டிராக்குகளின் அணிப் போட்டி ஸ்கோரைப் புரிஞ்சுக்கிறது எப்படி

[திரை: ஆறு கூண்டுகள் வரிசையா. 1 சிவப்பு, 2 நீலம், 3 வெள்ளை, 4 கருப்பு, 5 ஆரஞ்சு, 6 கருப்பு-வெள்ளைக் கோடு.]

பிரிட்டன்ல கிரேஹவுண்ட் ரேஸ்னா ஒரு ஓட்டத்துக்கு ஆறு நாய், ஆளுக்கொரு கூண்டுல இருந்து கிளம்பும். ஒவ்வொண்ணும் தனக்காகத்தான் ஓடும். ஆனா ஒரு டிராக் இன்னொரு டிராக்கோட மோதுற அணிப் போட்டியும் அங்க இருக்கு. இன்டர்-டிராக்னு சொல்வாங்க. வழக்கமான அமைப்பு, ஒவ்வொரு ஓட்டத்துலயும் மூணு உள்ளூர் நாய், மூணு வெளியூர் நாய். முதல் கட்டம் இங்க, அடுத்தது அங்க. ரெண்டு இடத்துப் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு.

உள்ளூர் டிராக் 30-12ன்னு ஜெயிச்சதும் ரசிகர்கள் குதிப்பாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அதே அணி எதிராளி டிராக்ல 13-29ன்னு தோத்துத் திரும்பும். உடனே "டிரெய்னர் சரியில்ல, நாய் களைச்சுப் போச்சு"ன்னு பேச்சு. பெரும்பாலும் ரெண்டும் காரணம் இல்ல. காரணம் டிராக்கோட வடிவத்துலயும், கூண்டு ஒதுக்கீட்டுலயும், யாரை அனுப்பினாங்கங்கறதுலயும் இருக்கும்.

[திரை: புள்ளிப் பட்டியல்.]

முதல்ல புள்ளிக் கணக்கு. இதைப் போட்டிக்குப் போட்டி மாத்தி வைப்பாங்க. நம்ம வசதிக்கு முதல் இடத்துக்கு 4, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1னு வச்சுக்குவோம். ஓட்டத்துக்கு 7 புள்ளி, ஆறு ஓட்டத்துக்கு 42.

இப்ப ஒரு அணி ஆறுல நாலு ஓட்டம் ஜெயிக்குது. ஆனா அந்த நாலுலயும் ரெண்டாவது, மூணாவது இடம் எதிரணிக்குப் போகுது. நாலு நாலா 16 புள்ளி. எதிரணிக்கு ஓட்டத்துக்கு மூணா 12. மிச்சம் இருக்குற ரெண்டு ஓட்டத்துலயும் எதிரணியோட மூணு நாயும் முதல் மூணு இடத்தைப் பிடிச்சா 14 சேரும். மொத்தம் 26-16. நாலு ஓட்டம் ஜெயிச்ச அணி பத்துப் புள்ளி வித்தியாசத்துல தோத்தாச்சு.

அதனால அணி தேர்வு பண்ற ரேஸிங் மேனேஜர் டிராக்கோட ஆறு நட்சத்திர நாய்களை மட்டும் பார்த்தா போதாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூணாவது நாய் யாருங்கறதுதான் அவருக்குத் தலைவலி. சின்ன டிராக்குகள் அடிபடுறதே இங்கதான். ஒரு ஓட்டத்துக்கு ஒரு நல்ல நாய் எல்லா டிராக்லயும் கிடைக்கும். மூணு கிடைக்கிறது கஷ்டம்.

[திரை: ரெண்டு நீள்வட்டம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உள்ளே 350, வெளியே 455.]

இப்ப வடிவத்துக்கு வருவோம். லண்டனுக்குக் கிழக்கால, எசெக்ஸ் பக்கம் ரோம்ஃபோர்டு. தெற்குக் கடலோரம் பிரைட்டன் பக்கத்துல ஹோவ். ரோம்ஃபோர்டு சுற்றளவு 350 மீட்டர். ஹோவ் 455. இந்த ரெண்டும் மோதுறதா வச்சுக்குவோம்.

ரோம்ஃபோர்டுல ஓடுற தூரங்கள் 225, 400, 575, 750, 925. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் 175, அதாவது சரியா அரைச் சுற்று. ரெண்டு வளைவு, நாலு வளைவு, ஆறு, எட்டு, பத்துன்னு ஏறிக்கிட்டே போகும். அங்க முக்கிய ஓட்டம் 400 மீட்டர். நல்ல நாய் சுமார் 24 விநாடியில முடிச்சுடும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். ஹோவ்ல முக்கிய ஓட்டம் 500 மீட்டர். அங்க நல்ல நேரம் 29 விநாடிக்குப் பக்கத்துல.

வித்தியாசம் 100 மீட்டர்தானேன்னு தோணும். வளைவுல நடக்கிறது வேற கதை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். 40 மீட்டர் ஆரம் உள்ள வளைவுல விநாடிக்கு 16 மீட்டர் வேகத்துல திரும்புற நாய்க்குத் தேவைப்படுற பக்கவாட்டு விசை, அதோட எடையில கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு. ஆரத்தை 52 மீட்டரா ஆக்கினா அது எடையில பாதிக்குக் குறையும். இறுக்கமான டிராக்ல பழகின நாய், தோளைச் சாய்ச்சு, அடியைக் குறுக்கி, உள்ஓரத்தை ஒட்டியே திரும்பக் கத்துக்கும். பெரிய டிராக் நாய் நீட்டி அடிவைக்கும், அதனால ரோம்ஃபோர்டு முதல் வளைவுல வெளியே தள்ளிக்கிட்டுப் போகும்.

[திரை: உள்ஓரத்துல ஒரு கோடு, ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு கோடு.]

வெளியே தள்ளினா என்ன நஷ்டம்? ஒரு மீட்டர் தள்ளி ஒரு முழுச் சுற்றுத் திரும்பினா கூடுதலா ஓடுற தூரம் 6.28 மீட்டர். ரெண்டு பை மடங்கு, அவ்வளவுதான். டிராக் பெருசோ சின்னதோ இது மாறாது. 60 கிலோமீட்டர் வேகத்துல 6.28 மீட்டர்னா 0.38 விநாடி. பிரிட்டன் கணக்குல ஒரு நாய் நீளம் 0.08 விநாடி. ஆக, ஒரு மீட்டர் வெளியே ஓடின தப்புக்கு விலை அஞ்சு நீளத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு வளைவு ஓடுற 575 மீட்டர்ல இது 9.4 மீட்டரா ஆகும்.

நஷ்டம் எல்லா டிராக்லயும் ஒண்ணுதான், ஆனா அதை மீட்க மிச்சம் இருக்குற தூரம் ஒண்ணு இல்ல. ரோம்ஃபோர்டுல கடைசி நேர்கோடு சின்னது. முன்னாடி போன நாயைப் பிடிக்கிறதுக்குள்ள ஓட்டம் முடிஞ்சுடும். ஹோவ்ல தாமதமாக் கிளம்புற நாய்க்கும் பிழைப்பு இருக்கு.

இதனாலதான் வேகமாக் கூண்டை விட்டு வெளிய வர்ற நாய்களை ரோம்ஃபோர்டு தங்கமாப் பார்க்கும். 400 மீட்டர் ஓட்டத்துல நாய் முதல் தடவை முடிவுக் கோட்டைத் தாண்டும்போது ஓடியிருக்கிறது சுமார் 50 மீட்டர். அந்த நேரத்தை ரேஸ் கார்டுல, அதாவது ஓடுற நாய்களோட விவரம் இருக்குற தாள்ல, தனியா அச்சடிப்பாங்க. செக்ஷனல் நேரம்னு பேரு. உள்ளூர்ல ஜெயிக்கிற நாயோட பலம் முழுக்க அந்த 50 மீட்டர்லயே இருந்தா, அதைப் பெரிய டிராக்குக்கு அனுப்பும்போது கவனம் வேணும். 420 மீட்டர் வரைக்கும் முன்னாடி இருந்துட்டு, கடைசி 80ல மூணு நாய்க்கு வழிவிட்டு நாலாவதா வரும். பூஜ்யம் புள்ளி.

சேப்பாக்கம் சுழலுக்குன்னே கட்டின அணியை அப்படியே பெர்த்துக்கு அனுப்பின மாதிரிதான்.

விதிவிலக்கு இருக்கு. ஹோவ்ல ஜார்ஜ் கர்டிஸ் பயிற்சி கொடுத்த பாலிரீகன் பாப்ங்கற நாய், 1985ல ரோம்ஃபோர்டுக்கே வந்து எசெக்ஸ் வாஸ் கோப்பையைத் தூக்கிட்டுப் போச்சு. 1986 டிசம்பர்ல ஹோவ்ல தொடர்ச்சியா 32வது வெற்றியை எடுத்து உலக சாதனை வச்சதும் அதேதான். அப்படி ஒரு நாயை வச்சு அணித் திட்டம் போட முடியாது.

[திரை: மூணு நாய், மூணு கோடு: உள்ஓரம், நடு, வெளி.]

அடுத்தது கூண்டு ஒதுக்கீடு. வெளியாட்கள் கவனிக்காம விடுற இடம் இது.

ஒவ்வொரு நாய்க்கும் ஓடுற பாதைப் பழக்கம் ஒண்ணு இருக்கும். சிலது உள்ஓரத்தை ஒட்டும், சிலது நடுவுல, சிலது வெளியே. நடு, வெளி நாய்களுக்கு ரேஸ் கார்டுல பேருக்குப் பக்கத்துலயே குறி போட்டிருக்கும். பாதைப்படி ஒதுக்கினா உள்ஓர நாய்க்கு 1, 2 மாதிரி கூண்டும், வெளி நாய்க்கு 5, 6ம் போகும்.

அணியில ஒரு ஓட்டத்துக்கு மூணு உள்ஓர நாயை அனுப்பினா என்ன ஆகும்? மூணும் முதல் ரெண்டு கூண்டுக்குள்ள அடங்காது. ஒண்ணு நாலாம் கூண்டுல இருந்து கிளம்பி, முதல் வளைவுக்கு முன்னாடியே உள்ஓரத்தைத் தேடி குறுக்கே வெட்டும். வழியில இடிபடுறது பெரும்பாலும் சொந்த அணி நாய்தான். ஒரே மோதல்ல ரெண்டு நாய் போச்சு, எதிரணி மூணும் சும்மா தாண்டிப் போயிடும். நாய்க்கு அணின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அணிக் கணக்கு நமக்குத்தான்.

ஓட்டத்துக்கு ஒரு உள்ஓரம், ஒரு நடு, ஒரு வெளின்னு கலந்து அனுப்புறதுதான் சரி. நடுவுல ஓடுற நல்ல நாய் கிடைக்கலைன்னா, ஒரு கிரேடு கம்மியா இருந்தாலும் பாதை பொருந்துற நாயை எடுக்கலாம். எங்க கணிப்புல இது கிட்டத்தட்ட எப்பவும் லாபம்தான்.

கிரேடுன்னதும் ஒரு எச்சரிக்கை. A1 உச்சம், A2, A3ன்னு கீழ இறங்கும். ஆனா அந்தந்த டிராக் தன்கிட்ட இருக்குற நாய்களை வச்சுப் பிரிக்கிற வரிசை அது. ஒரு டிராக்கோட A3 இன்னொரு டிராக்கோட A3க்குச் சமம்னு யாரும் உத்தரவாதம் தரல. "ஒரே கிரேடு நாய்கள்தானே, எப்படித் தோத்தாங்க"ன்னு கேட்கிறதுல அர்த்தம் இல்ல.

[திரை: எடைக் கருவி. 32.0 காட்டுது. பிறகு 30.9.]

வெளியூர் போற நாயைத் தயார் பண்றது தனி வேலை. முதல்ல டிரயல். போட்டிக்கு முன்னாடி அந்த டிராக்ல ஒரு தடவையாவது ஓடிப் பார்க்கணும். தனியா ஒண்ணு, முடிஞ்சா வேற நாய்களோட ஒண்ணு. தனியா ஓடும்போது முதல் வளைவு எங்க வருதுன்னு நாய் பழகிக்கும். கூட்டத்துல ஓடும்போதுதான் இடம் இல்லாம திரும்பத் தெரியுதான்னு நமக்குத் தெரியும். நாய்கள் துரத்துற முயல் பொம்மை எந்தப் பக்கத் தண்டவாளத்துல ஓடுது, எவ்வளவு சத்தம் போடுதுங்கறதும் டிராக்குக்கு டிராக் மாறலாம். கூண்டுக்குள்ள வேற பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிற நாய் கதவு திறக்கும்போதே ரெண்டு நீளம் இழந்துடும்.

அப்புறம் எடை. பிரிட்டன் விதிப்படி, கடைசியா ஓடினப்ப இருந்த எடையில இருந்து ஒரு கிலோவுக்கு மேல கூடியிருந்தாலும் குறைஞ்சிருந்தாலும் நாய் ஓட முடியாது. 32 கிலோ நாய் வெயில்ல, போக்குவரத்து நெரிசல்ல வேனுக்குள்ள மூச்சிரைச்சுக்கிட்டே மூணு மணி நேரம் வந்தா கணிசமா எடை இறங்கும். 30.9 காட்டினா வாசல்லயே விலக்கிடுவாங்க. மாற்று நாய் இல்லைன்னா அந்த ஓட்டத்துல மூணுக்கு எதிரா ரெண்டு. வேன்ல குளிர்சாதனம், வழியில தண்ணி, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு எடை. இதையெல்லாம் ஒழுங்காச் செய்யுற டிரெய்னருக்கு இதுல பெரிய பிரச்சினை வராது.

வந்து இறங்கினதும் அடையாளம் சரிபார்ப்பாங்க, எடை போடுவாங்க, டிராக் கால்நடை மருத்துவர் நடக்கவிட்டுப் பார்ப்பார். கவனிக்க வேண்டிய இடம் வலது பின்னங்கால் கணுக்கால். கிரேஹவுண்டுகள் இடஞ்சுழியா ஓடுறதால, வளைவுல அந்த மூட்டு எலும்பு அழுந்தி முறியறது இந்த விளையாட்டுக்கே உரிய காயம். பழக்கம் இல்லாத இறுக்கமான வளைவுல அந்த ஆபத்தைக் கூட்டணுமாங்கறது நியாயமான கேள்வி. லேசா விந்துற நாயைப் புள்ளிக்காக இறக்கக் கூடாது, அதுல விவாதமே இல்ல.

[திரை: ஈர மணல், அதை வாரும் டிராக்டர்.]

தரை. மணல் டிராக்ல தண்ணி அளவுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். காய்ஞ்சு பொலபொலன்னு இருந்தா கால் வழுக்கி நேரம் கூடும். அளவா நனைஞ்சா இறுகி வேகம் வரும். பலத்த மழை பெய்ஞ்சா தண்ணி சரிவுல இறங்கி உள்ஓரத்துல தேங்கும். அன்னிக்கு 1ம் கூண்டு வரம் இல்ல, சாபம். உள்ளூர் டிரெய்னர்களுக்கு இது மனப்பாடம். வெளியூர் அணி முதல் ரெண்டு ஓட்டத்தைப் பறிகொடுத்த பிறகுதான் புரிஞ்சுக்கும்.

[திரை: ரேஸ் முடிவுப் பலகை, அருகில் கணக்கு.]

இப்ப உங்க டிராக் தோத்த முடிவை கையில எடுங்க. ஸ்கோரை ஒதுக்கி வச்சுட்டு ஒவ்வொரு நாய்க்கும் கணக்கிட்ட நேரத்தைப் பாருங்க. ஜெயிச்ச நாய் 24.10 விநாடி, உங்க நாய் ரெண்டரை நீளம் பின்னாடின்னா, ரெண்டரை பெருக்கல் 0.08, ஆக 0.20. உங்க நாயோட நேரம் 24.30. அன்னிக்குத் தரை 20 மெதுவுன்னு, அதாவது விநாடியில நூறுல 20 பங்கு மெதுவுன்னு குறிச்சிருந்தா 0.20 கழிச்சு 24.10. இதை அதே நாய் அதே டிராக்ல ஓடின டிரயலோட ஒப்பிடுங்க. சொந்த டிராக் நேரத்தோட ஒப்பிட்டா தப்பான முடிவுதான் கிடைக்கும்.

டிரயல்ல 24.12, போட்டியில 24.10னா நாய் தன்னால முடிஞ்சதை ஓடியிருக்கு, எதிராளி நல்ல நாய், அவ்வளவுதான். போட்டியில 24.60னா பக்கத்துல இருக்குற குறிப்பைப் பாருங்க. முதல் வளைவுல இடிபட்டதுன்னு இருந்தா கூண்டு ஒதுக்கீட்டைப் பாருங்க, இடிச்சது யாரோட நாய்னும் பாருங்க. மோதல் எதுவும் இல்லாம வெளியே ஓடியதுன்னு மட்டும் இருந்தா வளைவு ஒத்துவரல, அந்த நாயை அந்த டிராக்குக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். மெதுவான தொடக்கம்னு இருந்தா, போட்டிக்கு முந்தி அந்த நாய்க்கு அங்க டிரயல் கொடுத்தாங்களான்னு கேளுங்க. மூணுல ரெண்டு நாய்க்கு அது கிடைக்கலைன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை அங்க போறதுக்கான வேலை அந்த டிராக் மேனேஜருக்கு ஒரு போன் போட்டு நேரம் வாங்குறதுல இருந்து தொடங்குது.