போக மறுத்தவர்களின் ஊர்

அனைவருக்கும் வணக்கம்.

ஆன்டிகுவா என்றதும் உங்களில் பலருக்கு விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த தீவுதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு ஆன்டிகுவா. மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டு மலைப்பகுதியில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பானியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக வைத்திருந்து, பிறகு கைவிட்ட ஊர்.

தெற்கே 3,760 மீட்டர் உயரத்தில் ஆகுவா எரிமலை. மேற்குப் பக்கம் அகாத்தெனாங்கோவும் ஃபுவேகோவும். ஆகுவா வெடித்ததாக வரலாற்றில் பதிவே இல்லை. ஆனாலும் முதல் அடி அதனிடமிருந்துதான் வந்தது. 1541 செப்டம்பரில் விடாத மழை. சரிவிலிருந்து சேறும் பாறையும் இரவோடு இரவாக இறங்கி, அடிவாரத்தில் இருந்த அப்போதைய தலைநகரை மூடிவிட்டன. கணவர் பேத்ரோ தெ அல்வராதோ இறந்தபின் ஆளுநர் பொறுப்பேற்ற பெயாத்ரிஸ் தெ லா குவேவா, பதவிக்கு வந்த ஓரிரு நாளிலேயே அந்தச் சேற்றில் மாண்டார். 1543-இல் சற்றுத் தள்ளிப் புதிய தலைநகரை அமைத்தார்கள். அதுதான் இன்றைய ஆன்டிகுவா.

சேற்றுக்குத் தப்பிய ஊரை நிலநடுக்கம் விடவில்லை. 1717, 1751, 1773 என்று அடிமேல் அடி. கொத்தனார்களும் பாடம் கற்றார்கள். லா மெர்செத் தேவாலயத்தின் முன்னால் நின்று பாருங்கள். மஞ்சள் சுவரில் வெள்ளைச் சுதையில் கொடியும் இலையுமாக அவ்வளவு நுணுக்கமான வேலை. ஆனால் கோபுரங்கள் குட்டை, சுவர்கள் தடிமன். ஆடுகிற நிலத்தில் உயரம் ஆபத்து என்று தெரிந்தவர்கள் கட்டியது. 1760-களில் முடித்த அந்தக் கட்டடம் 1773-ஐத் தாங்கி நின்றது.

மற்றவை தாங்கவில்லை. 1773 ஜூலை 29 நிலநடுக்கத்துக்குப் பிறகு பெரிய சண்டையே நடந்தது. ஆட்சித் தலைவர் மார்த்தின் தெ மயோர்கா, தலைநகரை மாற்றியே ஆகவேண்டும் என்றார். பேராயர் பேத்ரோ கோர்த்தேஸ் இ லர்ராஸ் விடாப்பிடியாக எதிர்த்தார். மயோர்கா வென்றார், 1776-இல் தலைநகரம் இன்றைய குவாத்தமாலா நகரம் இருக்கும் இடத்துக்குப் போனது. பெயர்த்து எடுத்துப் போக முடிந்ததையெல்லாம் கொண்டுபோனார்கள். ஆனால் ஆணைக்குப் பணியாமல் ஒரு கூட்டம் இங்கேயே தங்கிவிட்டது. 1979-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. என் மனதில் உயர்ந்து நிற்பவர்கள், போக மறுத்தவர்கள்தான். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கக்சிக்கேல் மாயா மக்களின் உழைப்பு இல்லாமல் இங்கே ஒரு சுவரும் எழுந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிதைந்ததைப் புதிதாக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். பேராலயத்தின் முன்பகுதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. பின்பக்கம் போனால் கூரை இல்லை. செங்கல் வளைவுகளுக்கு இடையே வானம் தெரிகிறது. காரை உதிர்ந்த தூண்களில் செங்கல் வரிசை வரிசையாகத் தெரிகிறது.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தெருவையே கம்பளமாக்குவார்கள். மணல் பரப்பிச் சமன் செய்து, சாயமேற்றிய மரத்தூளை அச்சுத் தகட்டின் மேல் சலித்துப் பூவும் பறவையும் வரைகிறார்கள். காற்றில் பறக்காமலிருக்க அவ்வப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள். மணிக்கணக்கான வேலை. ஊதா அங்கி அணிந்தவர்கள் தோளில் சப்பரம் சுமந்து அந்தக் கம்பளத்தின் மேலேயே நடந்து போவார்கள். அடுத்த தெருவில் இன்னொன்று தயாராகிக்கொண்டிருக்கும்.

ஃபுவேகோவைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் அது கக்கும் நெருப்பைப் பார்க்கவே அகாத்தெனாங்கோ மேல் ஏறுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2018 ஜூன் 3 அன்று அதே மலையிலிருந்து பாய்ந்த கொதிக்கும் சாம்பல், சான் மிகேல் லோஸ் லோத்தெஸ் என்ற ஊரைப் புதைத்துவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அது தெரிந்துகொண்டு மலை ஏறுங்கள்.

போகிறவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மழைத் தொந்தரவு இருக்காது. தெருவெல்லாம் கல் பாவியது, ஆகவே நல்ல காலணி வேண்டும். சாந்தா கத்தலீனா வளைவின் கீழ் எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். மடத்துக் கன்னியர் வெளியார் கண்ணில் படாமல் தெருவைக் கடக்கக் கட்டிய பாதை அது. அப்புறம் ஒரு முழுக் காலைப் பொழுதை இடிபாடுகளுக்கு ஒதுக்குங்கள். முதலில் கப்புச்சீனாஸ் மடம், வட்டமாக அமைந்த பதினெட்டு அறைகளோடு. அதன்பின் பேராலயத்தின் பின்பக்கம்.