பேராயரின் கை தலையில் படும் முன்: எப்பிஸ்கோப்பல் சபையும் திடப்படுத்தலும்

[காட்சி: சிறிய கல் ஆலயம் ஒன்றின் உட்புறம். நடுவழியில் ஐந்தாறு பேர் வரிசையாக நிற்கிறார்கள்.]

அமெரிக்காவில் எப்பிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்த ஓர் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது. வரிசையில் முதலாவதாக நிற்கும் இளம்பெண் முன்னே வந்து முழங்காலிடுகிறாள். பேராயர் அவள் தலையில் கையை வைத்து, அவள் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, உமது ஊழியக்காரியை உமது பரிசுத்த ஆவியினால் பலப்படுத்தும், உமது பணிக்கு அவளுக்கு வல்லமை தாரும், அவளுடைய வாழ்நாளெல்லாம் அவளைத் தாங்கியருளும்" என்று ஜெபிக்கிறார். "ஆமென்" என்கிறது சபை. அவள் எழுந்து ஒதுங்குகிறாள், அடுத்தவர் வருகிறார். ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.

இந்த அரை நிமிடத்துக்காகப் பல வார வகுப்புகள் ஏன் நடக்கின்றன, பேராயரே நேரில் வரவேண்டும் என்று இந்தச் சபை ஏன் பிடிவாதமாக இருக்கிறது, முழங்காலிட்டவருக்கு அங்கே உண்மையில் என்ன நிகழ்கிறது என்பவற்றையே இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம். தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்கள் இதைத் திடப்படுத்தல் என்ற பெயரால் அறிவார்கள். ரோமன் கத்தோலிக்கர் உறுதிப்பூசுதல் என்பார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றாலும், எப்பிஸ்கோப்பல் சபை இதைப் புரிந்துகொள்ளும் விதத்தில் அதற்கே உரிய சில வேறுபாடுகள் இருக்கின்றன.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். எப்பிஸ்கோப்பல் என்ற சொல் 'எப்பிஸ்கோப்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மேலிருந்து பார்த்துக் காப்பவர் என்பது அதன் பொருள். பழைய தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லைக் 'கண்காணி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலேயே 'கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்' என்று பவுல் வாழ்த்துச் சொல்வதைக் காணலாம். தேயிலைத் தோட்டத்துக் கண்காணியின் நினைவு வருவதால் அந்தச் சொல் இன்று நம் காதுக்கு இனிமையாக இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவே சரியான மொழிபெயர்ப்பு. ஆக, எப்பிஸ்கோப்பல் சபை என்றால் பேராயர்களைக் கொண்டு இயங்கும் சபை என்றே பொருள். இங்கிலாந்துத் திருச்சபையின் வழியில் வந்த இந்தச் சபை, உலகளாவிய ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் அமெரிக்க அங்கமாகும்.

[காட்சி: பாய்மரக் கப்பல், அட்லாண்டிக் பெருங்கடலின் பழைய வரைபடம்.]

பேராயரைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் இந்தச் சபையின் முன்னோர்கள், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் பேராயர் ஒருவரும் இல்லாமலேயே வாழ்ந்தார்கள் என்பது இந்த வரலாற்றிலுள்ள பெரிய முரண். 1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறியது முதல் 1784 வரை, அமெரிக்கக் குடியேற்றங்களில் தங்கிப் பணிசெய்ய இங்கிலாந்துத் திருச்சபை ஒரு பேராயரைக்கூட அனுப்பவில்லை. லண்டன் பேராயரே கடலுக்கு அப்பாலிருந்து பொறுப்பு வகித்தார். பேராயரின் கையால் மட்டுமே நடக்கவேண்டிய இரண்டு காரியங்கள் இதனால் அங்கே நடக்க வழியில்லாமல் போயின. குருவானவராக விரும்பிய இளைஞன் கடல்கடந்து இங்கிலாந்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. திடப்படுத்தலோ நடக்கவே இல்லை.

அப்படியானால் அந்த மக்கள் திருவிருந்தில் பங்குபெற்றது எப்படி? திடப்படுத்தப்பட்டவர்களுக்கே திருவிருந்து என்பதல்லவா விதி? இங்கிலாந்துத் திருச்சபையின் ஆராதனை முறைகளையும் விதிகளையும் கொண்ட 1662ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகம் அந்த விதியிலேயே ஒரு வழியையும் வைத்திருந்தது. திடப்படுத்தப்பட்டவர் மட்டுமல்லாமல், 'திடப்படுத்தப்பட ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருப்பவரும்' திருவிருந்துக்கு வரலாம் என்று அது கூறியது. தலைமுறை தலைமுறையாக அமெரிக்க ஆங்கிலிக்கர்கள் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்தபடியே பிறந்து, திருமணம் செய்து, இறந்தும் போனார்கள். வர்ஜீனியாவில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் வளர்ந்ததும் அப்படிப்பட்ட, பேராயர் இல்லாத சபையில்தான்.

விடுதலைப் போர் முடிந்தபோது சிக்கல் முற்றியது. கனெக்டிகட் மாநிலத்துக் குருமார் சாமுவேல் சீபரி என்பவரைத் தேர்ந்தெடுத்து, பேராயராக அருட்பொழிவு பெற்றுவரும்படி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தச் சடங்கில் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்பது சட்டம். மன்னரிடமிருந்து இப்போதுதான் பிரிந்துவந்த நாட்டின் குடிமகன் அதை எப்படி எடுப்பார்? ஓராண்டுக்கு மேல் காத்திருந்த சீபரி, இறுதியில் வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போனார். அங்கிருந்த எப்பிஸ்கோப்பல் சபை அரசின் ஆதரவு இல்லாத சிறிய சபை; ஆகவே அரசின் கட்டுப்பாடும் அதற்கு இல்லை. 1784 நவம்பர் 14 அன்று அபர்டீன் நகரில் மூன்று ஸ்காட்லாந்துப் பேராயர்கள் அவர் தலையில் கைகளை வைத்து ஜெபித்தார்கள். பின்னர் ஆங்கிலேய நாடாளுமன்றமே சட்டத்தைத் தளர்த்தியதால், 1787இல் மேலும் இரு அமெரிக்கர்கள் லண்டனில் பேராயர்களாக அருட்பொழிவு பெற்றார்கள். 1789இல் அமெரிக்கச் சபை தன் சொந்தச் சட்டத்தையும் சொந்த ஜெபப் புத்தகத்தையும் ஏற்றுக்கொண்டது.

பேராயர்ப் பற்றாக்குறை அமெரிக்காவோடு நின்றுவிடவும் இல்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே ஆங்கிலிக்கன் பேராயராகக் கல்கத்தாவில் இருந்த ரெஜினால்டு ஹீபர், 1826 ஏப்ரல் 3 காலை திருச்சிராப்பள்ளியில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தித் திரும்பினார். வெயிலில் களைத்திருந்தவர் குளிக்க இறங்கிய நீரிலேயே உயிரிழந்தார். ஒரு சிறு கூட்டத்தின் தலையில் கை வைப்பதற்காகப் பேராயர் ஒருவர் எவ்வளவு தொலைவு வரவேண்டியிருந்தது என்பதற்குத் திருச்சி தூய யோவான் ஆலயத்திலுள்ள அவரது கல்லறை இன்றும் சாட்சி.

[காட்சி: சிவப்பு அட்டையிட்ட ஜெபப் புத்தகம், பக்கங்கள் புரள்கின்றன.]

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். எப்பிஸ்கோப்பல் சபை இப்போது பயன்படுத்தும் பொது ஜெபப் புத்தகம் 1979ஆம் ஆண்டுக்குரியது. திடப்படுத்தலின் இடத்தையே அது மாற்றிவைத்தது. ஞானஸ்நானம் என்பது தண்ணீரினாலும் பரிசுத்த ஆவியினாலும் கிறிஸ்துவின் சரீரமாகிய சபைக்குள் ஒருவர் முழுமையாகச் சேர்க்கப்படுவது என்று அந்தப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. 'முழுமையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஞானஸ்நானத்தில் ஏதோ குறை இருந்து, அதைத் திடப்படுத்தல் வந்து நிரப்புகிறது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. திருவிருந்துக்கு முன் திடப்படுத்தல் வேண்டும் என்ற பழைய விதியும் இந்தப் புத்தகத்தில் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற சிறு குழந்தைகூட அப்பத்துக்குக் கை நீட்டலாம்.

அப்படியென்றால் திடப்படுத்தல் எதற்கு? இறையியலைத் தேடி அலையும் சடங்கு என்று இதை வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. அந்தக் கேலியில் உண்மையும் உண்டு. ஆனால் ஜெபப் புத்தகம் தரும் விடை எனக்கு நேர்மையானதாகவே படுகிறது. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவருக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுத்தார்கள். வளர்ந்தபின் அந்த வாக்கை அவர் தம் வாயால், தம் சொந்த முடிவாக, சபைக்கு முன்பாகச் சொல்லவேண்டும். தம் ஊர் ஆலயத்தைவிடப் பெரிய சபையின் அடையாளமாக வந்திருக்கும் பேராயர், அதைக் கேட்டு, அவருக்காக ஆவியானவரின் பலத்தை வேண்டி ஜெபிக்கவேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெரிய சபையோடு இணைக்கும் கண்ணி பேராயர்தான் என்பதால், அவர் இடத்தில் உள்ளூர்க் குருவானவரை நிறுத்த இந்தச் சபை சம்மதிப்பதில்லை.

ஆகவே ஆயத்தம் என்பது, எந்த வாக்கைச் சொல்லப்போகிறோம் என்று நிறுத்தி நிதானமாகப் பார்ப்பதே. அந்த வாக்குகளை ஞானஸ்நான உடன்படிக்கை என்பார்கள். அதன் முதற்பகுதி அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், கேள்வி பதில் வடிவில். அதன்பின் ஐந்து கேள்விகள் வருகின்றன. அப்போஸ்தலருடைய உபதேசத்திலும் ஐக்கியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபங்களிலும் தொடர்ந்து நிலைத்திருப்பீர்களா? தீமையை விடாமல் எதிர்த்து நிற்பீர்களா, பாவத்தில் விழும்போதெல்லாம் மனந்திரும்பி ஆண்டவரிடம் வருவீர்களா? நற்செய்தியைச் சொல்லாலும் நடத்தையாலும் அறிவிப்பீர்களா? எல்லா மனிதரிலும் கிறிஸ்துவைத் தேடி, அவருக்கு ஊழியம் செய்து, உங்களைப்போல் அயலாரை நேசிப்பீர்களா? எல்லா மக்களுக்கும் நீதியும் சமாதானமும் கிடைக்கப் பாடுபட்டு, ஒவ்வொரு மனிதரின் கண்ணியத்தையும் மதிப்பீர்களா?

ஐந்துக்கும் ஒரே பதில்: 'தேவனுடைய உதவியால் அப்படியே செய்வேன்.' இரண்டாம் கேள்வியில் 'விழும்போதெல்லாம்' என்றிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 'விழுந்தால்' என்று அது சொல்லவில்லை. விழுவோம் என்று தெரிந்துதான் கேட்கிறது. கடைசிக் கேள்வியோ, கேட்க எளிதாக இருந்தாலும், இந்தச் சபைக்குள் கடும் விவாதங்களை எழுப்பியது. 1976இல் பெண்களைக் குருத்துவத்தில் சேர்க்க முடிவு செய்தது முதல், 1989இல் பார்பரா ஹாரிஸ் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முதல் பெண் பேராயரானது, 2003இல் ஒருபால் ஈர்ப்புள்ள ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயர் பேராயரானது வரை ஒவ்வொன்றையும் ஆதரித்தவர்கள் இந்த வாக்கைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். மறுத்துச் சபையை விட்டு வெளியேறியவர்களும் பலர். இந்தச் சபையில் திடப்படுத்தப்பட நினைப்பவர் இந்த வரலாற்றை அறியாமல் முழங்காலிடுவது சரியல்ல என்பது என் கருத்து.

[காட்சி: வட்டமாக அமர்ந்து பேசும் சிறு குழு.]

வகுப்புகள் சபைக்குச் சபை மாறும். சில இடங்களில் ஆறேழு வாரங்கள். சில இடங்களில் ஆண்டு முழுவதும். பெரும்பாலும் ஜெபப் புத்தகத்தின் பின்பகுதியிலுள்ள வினாவிடையே பாடநூல். பத்தொன்பது பக்கங்களுக்குள் முடிந்துவிடும் அது, ஜெபப் புத்தகத்தைத் தற்செயலாகக் கையில் எடுத்து விசாரிக்கும் அந்நியருக்கும் பயன்படவேண்டும் என்று தன் முன்னுரையில் கூறுகிறது. முதல் கேள்வி, இயல்பிலே நாம் யார் என்பது. பாவிகள் என்று தொடங்கியிருக்கலாம். 'நாம் தேவனுடைய படைப்பின் ஒரு பகுதி. அவருடைய சாயலில் உண்டாக்கப்பட்டவர்கள்' என்று தொடங்குகிறது. சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்கு, பேராயர், குருவானவர், உதவிகுரு என்று சொல்வதற்கு முன்பாகவே, பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாத சாதாரண அங்கத்தினர், என்று பதில் வருகிறது.

அதற்காக, மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் தேர்வு என்று இதை நினைத்துவிடக்கூடாது. ஜெபிக்கும் முறையே விசுவாசத்தை உருவாக்கும் என்பது ஆங்கிலிக்கன் மரபின் அடிப்படையான எண்ணம். விரிவான கொள்கை அறிக்கை ஒன்றில் கையெழுத்திடும்படி இந்தச் சபை தன் அங்கத்தினரைக் கேட்பதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளைத் தொகுத்துச் சொன்ன பதினாறாம் நூற்றாண்டின் முப்பத்தொன்பது பிரமாணங்கள்கூட, ஜெபப் புத்தகத்தின் வரலாற்று ஆவணங்கள் என்ற பகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே, வகுப்பு நடக்கும் வாரங்களில் காலை ஜெபத்தையோ, படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் சிறிய இரவு ஜெபத்தையோ நாள்தோறும் ஜெபிப்பதைவிடச் சிறந்த ஆயத்தம் இல்லை. சங்கீதங்கள் முப்பது நாளில் முடியும்படி அந்தப் புத்தகத்திலேயே பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு மாதம் முயன்று பாருங்கள்.

வகுப்பில் மூன்று கால் முக்காலி என்ற உவமையையும் நிச்சயம் கேட்பீர்கள். வேதம், மரபு, பகுத்தறிவு என்ற மூன்று கால்களில் ஆங்கிலிக்கன் விசுவாசம் நிற்கிறது என்றும், அதைச் சொன்னவர் பதினாறாம் நூற்றாண்டின் ஆங்கிலேய இறையியலாளர் ரிச்சர்ட் ஹுக்கர் என்றும் கூறுவார்கள். ஹுக்கர் முக்காலியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மூன்றையும் சம உயரத்தில் அவர் வைக்கவும் இல்லை; வேதம் தெளிவாகப் பேசும் இடத்தில் அதற்கே முதலிடம், அடுத்தது பகுத்தறிவு, பிறகே சபையின் குரல் என்பது அவர் வரிசை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயரின் கையால் ஏற்கெனவே திடப்படுத்தப்பட்டவர் மறுபடியும் திடப்படுத்தப்பட வேண்டியதில்லை. 1947இல் பல சபைகள் இணைந்து உருவான அந்தத் திருச்சபை எப்பிஸ்கோப்பல் சபையோடு ஐக்கியமுள்ளது. அதன் பேராயர் செய்தது இங்கேயும் செல்லும். ரோமன் கத்தோலிக்கச் சபையில் உறுதிப்பூசுதல் பெற்றவரையும் மறுபடி திடப்படுத்துவதில்லை. பேராயர் அவர் கையைப் பற்றி இந்தச் சபையின் ஐக்கியத்துக்குள் ஏற்றுக்கொள்வார். ஒருகாலத்தில் விலகிப்போய்த் திரும்பி வந்தவர்கள் தங்கள் வாக்கைப் புதுப்பித்துக்கொள்ளவும் அதே ஆராதனையில் இடமுண்டு. ஞானஸ்நானம் இன்னும் பெறாதவருக்கு ஞானஸ்நானமே முதற்படி.

வயது வரம்பு எதையும் ஜெபப் புத்தகம் குறிப்பிடவில்லை. ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், விசுவாசத்தில் போதிய போதனை பெற்றிருக்க வேண்டும், பாவங்களுக்காக மனம் வருந்த வேண்டும், இயேசு கிறிஸ்துவை இரட்சகரும் ஆண்டவருமாக அறிக்கையிட ஆயத்தமாயிருக்க வேண்டும், இவையே நிபந்தனைகள். வீட்டார் தள்ளிவிட்டதால் வந்து நிற்கும் பிள்ளையிடம், இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லும் குருவானவர் நல்ல குருவானவர்.

[காட்சி: மீண்டும் அதே ஆலயம். பேராயர் சபையை நோக்கித் திரும்புகிறார்.]

ஆராதனையில் கைகள் வைக்கப்படுவதற்கு முன்பே ஒரு கேள்வி உண்டு. அது முன்னே நிற்பவர்களிடம் கேட்கப்படுவதில்லை. தீமையை வெறுத்துவிட்டதாகவும் கிறிஸ்துவைப் பின்பற்றுவதாகவும் அவர்கள் சொன்ன பிறகு, பேராயர் இருக்கைகளில் அமர்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து, இந்த வாக்குகளுக்குச் சாட்சிகளான நீங்கள், கிறிஸ்துவுக்குள் இவர்கள் வாழும் வாழ்வில் இவர்களைத் தாங்க உங்களால் இயன்றதையெல்லாம் செய்வீர்களா என்று கேட்கிறார். வகுப்புக்கு வராதவர்களும், அன்றைக்குத் தற்செயலாக ஆலயத்துக்கு வந்தவர்களும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"செய்வோம்."